கடைசிக் கட்டத்தைக் காணோம்

பிரதீபா அனுப்பிய திருத்தம் மறுபடியும் திரும்பி வந்திருந்தது.

இந்த முறை மேலதிகாரி நாராயண் சார் காரணம்கூட விளக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை. 'அலங்காரம்.'

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அது சுவரில் போய் இடித்தது. பக்கத்து மேஜை நிகில் ஹெட்போனைக் கழற்றினான்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். அட்டவணை உடைஞ்சு கெடக்குது, சரி பண்ணியிருக்கறேன்னு அனுப்புனா அலங்காரமாமா! நான் என்ன கல்யாணப் பந்தலுக்கு வாழைமரம் கட்டறவளா?"

"அடுத்த ரிலீசுல சேத்துக்குவாரு. விடுங்க சேச்சி."

"போன தடவையும் இதையேதான் சொன்னாரு."

நிகில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். புத்திசாலி.

கஞ்சிக்கோட்டில், கோயமுத்தூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, இரும்பு உருக்கும் ஆலை ஒன்றின் முதுகுப்புறத்தில் அந்தக் கம்பெனி இருந்தது. பெரிய ஃபேன்களையும் மோட்டார்களையும் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் போர்டுகள்தான் அங்கே தயாரிப்பு. போர்டு தானாக எதுவும் செய்யாது. கம்ப்யூட்டர் சொல்வதை அதற்குப் புரிய வைக்க ஒரு மென்பொருள் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். அந்த டிரைவரை எழுதுகிற ஆட்களுக்கு ஒரு மேனுவல் வேண்டும். எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் போர்டு என்ன செய்யும் என்று சொல்கிற மேனுவல்.

அந்த மேனுவல்தான் பிரதீபாவின் வேலை. அதுதான் அவளுடைய தலைவலியும்.

மேனுவலை அவர்கள் மார்க்டவுனில் எழுதினார்கள். அதாவது சாதாரண எழுத்து, நடுநடுவே சில குறிகள். குறிகளைப் பார்த்து கம்ப்யூட்டர் அதை அழகான பக்கமாக மாற்றும். அட்டவணை வேண்டுமா? ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு போட்டால் போதும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. புரோகிராம் எழுதுகிறவர்கள் 'அல்லது' என்று சொல்லவும் அதே செங்குத்துக் கோட்டைத்தான் போடுவார்கள். கட்டத்துக்குள்ளே அந்தக் கோடு வந்தால், அதற்கு முன்னால் ஒரு சாய்ந்த கோட்டைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். 'இது சுவர் இல்லை, எழுத்து' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் காவல். காவல் இல்லாவிட்டால் அது அங்கே ஒரு சுவரைக் கட்டிவிடும். ஒரு கட்டம் இரண்டாகும். பின்னால் இருப்பதெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போகும்.

பிரதீபா அந்தக் காவல்களை எல்லாம் ஒழுங்காகத்தான் நிறுத்தியிருந்தாள்.

போன ரிலீசுக்கு, அதாவது மேனுவலின் போன பதிப்பு வெளியாவதற்கு, முந்தைய நாள் நாராயண் சார் உள்ளே புகுந்தார். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். அந்தத் தெரு போலவே எழுத்தும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் அவருக்கு. ஒரு வீட்டுத் தூண் வெளியே துருத்தினால் தூக்கம் வராது. கோடுகளையெல்லாம் வரிசைப்படுத்தினார். சாய்ந்த கோடுகளைத் துடைத்து எறிந்தார். முதல் அத்தியாயத்தில் அட்டவணைகள் சிதறிக் கிடப்பதைப் பார்த்த பிரதீபா திருத்தி அனுப்பினாள். அது வந்தது திரும்பி. மறுபடி அனுப்பினாள். அதுவும் வந்தது திரும்பி.

இப்போது இது.

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது மேஜை மேல் போன் அதிர்ந்தது.

சந்துரு.

இரண்டு வாட்ஸ்அப் செய்திகள். ஒரு போட்டோ, ஒரு குரல். அனுப்பிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தது இப்போதுதான்.

சந்துரு அவளுக்கு அடுத்த ஊர்க்காரன். டிரைவர் எழுதுகிறவன். சின்னக்கானலில் ஒரு டீ ஃபேக்டரியில் கம்பெனியின் போர்டைப் பொருத்தப் போயிருந்தான். கொழுந்தை வாட்டுகிற நீளத் தொட்டிக்குக் காற்று ஊதும் ஃபேன், ஆளுயரம். அதைக் கட்டுப்படுத்தும் போர்டு.

குரலை அழுத்தினாள்.

"அக்கா, சிக்னலுக்கோசரம் மதகு வரைக்கும் நடந்து வந்து பேசறேன். ஃபேன் காலைல ஓடிட்டு இருக்கும்போதே டிரிப் ஆகி நின்னுருச்சு. இப்பப் பிழையை அழிக்கோணும். மூணாறுல பிரிண்ட் எடுத்த மேனுவல் கையில இருக்குது. எச்சரிக்கைன்னு இருக்கற கட்டத்துல 'டோர்'னு ஒத்தை வார்த்தை மட்டும் இருக்குதுக்கா. கதவைச் சாத்திட்டுப் பண்ணோணும்போல. பேனல் ரூம் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கறேன். கொழுந்து லாரி வர்றதுக்குள்ள முடிக்கோணும். தொட்டி காலியா இருக்கறப்பத்தான் நமக்கு மெசினைத் தருவாங்க, தெரியுமில்ல? இப்பப் பெரியம்மாக்கா தொட்டிக்குள்ள பெருக்கிட்டு இருக்குது. வேற ஆளுக நடமாட்டம் இல்ல, நமக்கும் சௌகரியம். கேன்டீன்ல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போய்ப் பண்ணிடறேன்."

பிரதீபா போட்டோவைப் பெரிதாக்கினாள்.

மேனுவலின் ஒரு பக்கம். ஓரத்தில் டீக்கறை. நான்கு பத்திகள் உள்ள அட்டவணை. பிழையை அழிக்கும் வரி. எழுத வேண்டியது: டிரிப். எச்சரிக்கை: டோர்.

பாட்டிலைக் கீழே வைத்தாள்.

அந்த வரியை எழுதியவள் அவள்தான். மூன்றாவது கட்டத்தில் 'டிரிப் அல்லது டோர்'. இரண்டும் பிழைகளின் பெயர்கள், நடுவில் அந்தச் செங்குத்துக் கோடு. நான்காவது கட்டத்தில் எச்சரிக்கை: 'பிழை நீங்கியதும் ஃபேன் கடைசிக் கட்டளைப்படி தானாகச் சுழலத் தொடங்கும். காற்றறைக்குள் ஆள் இல்லை என்று நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே எழுதவும்.'

காவலை எடுத்ததும் கோடு சுவராகிவிட்டது. டோர் ஒரு கட்டம் தள்ளிப் போய் எச்சரிக்கையின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. எச்சரிக்கைக்கு இடமில்லை. தலைப்பு நான்குதான், ஐந்தாவது கட்டத்தைக் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிட்டது.

ஃபேனின் கடைசிக் கட்டளை என்ன? காலையில் ஓடிக்கொண்டிருந்ததே. ஓடு.

உள்ளே ஒரு பெண். தொட்டிக்கு அடியில், தவழ்ந்து போகிற காற்றறையில். ஃபேனுக்கு முன்னால் இருக்கும் வலையைக் கழற்றினால்தான் அங்கே பெருக்கவே முடியும்.

சந்துருவுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தாள். அதே பெண்ணின் அதே நிதானமான குரல், மூன்று மொழிகளிலும்.

"நிகில்! சின்னக்கானல் ஃபேக்டரி லேண்ட்லைன் நம்பர் இருக்குதா?"

"சாருகிட்டதான் உண்டு. அவர் கஸ்டமர் கால்ல இருக்காரே—"

அவன் முடிப்பதற்குள் அவள் கண்ணாடி அறைக் கதவைத் திறந்திருந்தாள்.

நாராயண் சார் திரையில் இருந்த இரண்டு முகங்களிடம் மன்னிப்புக் கேட்டு மைக்கை அணைத்தார்.

"என்ன பிரதீபா, கதவைத் தட்டப்படாதா?"

"சார், சின்னக்கானல் நம்பர் குடுங்க. சந்துரு பிழையை அழிக்கப் போறானுங்க. அழிச்சா ஃபேன் சுத்தும். உள்ள ஒரு அம்மா பெருக்கிட்டு இருக்காங்க."

"அதுக்குத்தானே எச்சரிக்கை போட்டிருக்கு. அவன் படிக்க மாட்டானோ?"

"அவன் கையில இருக்கற பக்கத்துல எச்சரிக்கையே இல்லீங்க!"

"இல்லையா? நான் பாத்து ஒப்புதல் குடுத்த ஃபைலாக்கும் அது." அவர் நிதானமாக ஃபைலைத் திறந்தார். விரலால் வரியைத் தொட்டுக் காட்டினார். "இதோ. 'பிழை நீங்கியதும் ஃபேன் கடைசிக் கட்டளைப்படி.' கண்ணு தெரியறதோல்லியோ? ஓர் எழுத்து குறையலை."

"அது மூலம் சார். நம்ம எழுதுன மூலம். அவன் பாக்கறது மூலம் இல்லீங்க, பக்கம்!"

"மூலத்துல இருந்தா பக்கத்துல இருக்கும். சமையல்கட்டுல உப்பு போட்டா இலையில உப்பு இருக்கும்."

"இலைக்கு வர்றதுக்குள்ள கொட்டிப் போச்சுங்க! இந்தாங்க போட்டோ."

அவர் மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிப் போட்டோவைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி போட்டோ.

"பழைய பிரிண்டா இருக்கும்."

"புது பிரிண்ட் சார். நீங்க கோடெல்லாம் நேராக்குனதுக்கு அப்புறம் வந்தது."

"நான் நேராக்கினா எழுத்து எங்கே போகும்? இதோ இருக்கே. நீயே படி."

பிரதீபாவுக்கு அந்த மானிட்டரைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல் இருந்தது. ஒரே வரி. அவர் கண்ணில் இருக்கிறது. சந்துருவின் கண்ணில் இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இந்த மனிதருக்கு எந்த மொழியில் சொல்லி இதைப் புரிய வைப்பது?

அவள் மேஜையைச் சுற்றி வந்தாள். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஏய், ஏய். என்ன செய்யறே?"

"பக்கமா மாத்திக் காட்டறனுங்க."

மாற்றும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு பெட்டி எழும்பியது. 'புதிய பதிப்பு வந்துள்ளது. இப்போதே நிறுவவா?'

"வேண்டாம்!" அவள் திரையைப் பார்த்துக் கத்தினாள்.

பெட்டி மூடியது. சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. இன்னும் சுற்றியது. வெளியே கோயமுத்தூர் ரயில் ஒன்று முழு நீளத்துக்கும் கடந்து போனது. இந்நேரம் சந்துரு கை கழுவியிருப்பான். மதகைப் பார்த்து நடக்க மாட்டான். பேனல் ரூமைப் பார்த்து நடப்பான்.

பக்கம் வந்தது.

டிரிப். டோர்.

அவ்வளவுதான். அதற்கு மேல் வெள்ளை.

நாராயண் சார் மறுபடி ஃபைலைத் திறந்து பார்த்தார். இருந்தது. பக்கத்தைப் பார்த்தார். இல்லை.

"பகவானே," என்றார்.

"நம்பர் சார்!"

அவர் போனை எடுத்தார். அவசரத்தில் இரண்டு முறை பூட்டுத் திறக்கவில்லை. 'டீ' என்று தேடினார். டீக்கடை சந்திராநகர். டீக்கடை ஸ்டேஷன். டீத்தூள் மொத்த வியாபாரம்.

"எந்தப் பேர்ல போட்டீங்க?"

"ஞாபகம் வரலையேம்மா! ஃபேக்டரி கிளார்க், கிறிஸ்தியானிப் பையன். ஜோ… ஜோ…"

"ஜோன்னு அடிங்க!"

ஜோபி சின்னக்கானல். வந்துவிட்டது. ஸ்பீக்கரில் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கப் போவதில்லை என்று அவள் நினைத்த நேரத்தில் எடுத்தார்கள்.

"ஹலோ, ஃபேக்டரி ஆபீஸ். ஆரா?"

"ஏனுங்க, கஞ்சிக்கோட்டுல இருந்து பேசறேன். எங்க இன்ஜினியர் சந்துரு எங்கீங்க?"

"சந்துரு சாரோ? சாரு இப்போ சாப்பிட்டுப் போயி. பேனல் ரூமில் ஆணு. கதவை அடைச்சுப் பூட்டியிருக்கு. நான் சாயா வேணுமான்னு தட்டினேன், திறக்கல்ல. இலை உணக்குற டிரையர் சத்தத்துல கேட்டிருக்காது."

டோர். அந்த ஒற்றை வார்த்தை. கதவையும் அதுவே சாத்தியிருக்கிறது.

"கதவை உடைச்சாவது அவனை நிறுத்தச் சொல்லுங்க!"

"உடைக்கவோ? மேடம், பேனல் ரூம் அங்கே தாழே, டிரையருக்கும் பின்னால. மொத்த ஃபேக்டரியும் சுத்திப் போகணும். என்ன ஆச்சு?"

"அப்ப பெரியம்மாளை வெளிய கூப்பிடுங்க. அவங்க எங்க?"

"அக்கா நமக்கு நேரே மேலே. இந்தப் படி ஏறினால் தொட்டி."

"கூப்பிடுங்க! ஃபேன் ஓடப் போகுதுங்க!"

ஜோபி சிரித்தான். நிஜமாகவே சிரித்தான்.

"ஃபேன் காலையிலே தொட்டு டிரிப்பாணு மேடம். ஓடாது. பயப்படண்டா."

நாராயண் சார் போனைப் பிடுங்கினார். "கேட்டேளா மிஸ்டர் ஜோபி, இது வந்து, கிளியர் ரெஜிஸ்டர்ல டிரிப் பிட்டை எழுதினா, கன்ட்ரோல் ரெஜிஸ்டர்ல இருக்கற பழைய வேல்யூ—"

"ரெஜிஸ்டரெல்லாம் இங்கே ஆபீசில்தானே சார் இருக்கு. எது வேணும்? மஸ்டர் ரெஜிஸ்டரா?"

பிரதீபா போனைத் திரும்பப் பிடுங்கினாள். கோபத்தில் அவளுக்கு அழுகை வந்தது. விளக்கி, விளக்கி, விளக்கி. இன்று முழுக்க அவள் விளக்கிக்கொண்டேதான் இருக்கிறாள். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. இனிமேல் விளக்கக் கூடாது.

"ஜோபி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பெரியம்மாள் யாரு கூப்பிட்டா வெளிய வருவாங்க?"

"அக்காவா? பெருக்கி முடிக்காம வராது. மேனேஜர் விளிச்சாலும் 'நில்லும்யா'ன்னு சொல்லும்."

"யாருக்குமே வர மாட்டாங்களா?"

"மோளு போன் பண்ணினா வரும். ஸ்ரீஜா. திருப்பூர்ல பனியன் கம்பெனி. அதுக்கு மட்டும் ஓடி வரும்."

"அப்ப ஸ்ரீஜா லைன்ல இருக்கறான்னு சொல்லுங்க."

"அய்யோ, பொய் பறயணோ?"

"சொல்லுங்க! அவசரம்னு சொல்லுங்க! ஓடுங்க!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, ஜோபி வாதாடவில்லை. ரிசீவர் மேஜையில் டொக்கென்று விழுந்தது. மரப்படியில் காலடிகள் தடதடத்தன.

"அக்கா! பெரியம்மாக்கா! ஸ்ரீஜா போன்! அர்ஜென்டாணு!"

பதில் இல்லை. தொலைவில் டிரையர் உறுமிக்கொண்டிருந்தது.

"அக்கோவ்! ஸ்ரீஜா!"

வீடியோ காலில் மறந்துபோன இரண்டு முகங்கள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தன. நிகில் வாசலில் நின்றான். நாராயண் சாரின் உதடுகள் அசைந்தன.

அப்போது அது கேட்டது.

முதலில் ஒரு முனகல். பிறகு அது தடித்தது. உயர்ந்தது. ரிசீவருக்குள் புயல் புகுந்தது போல ஊளையிட்டது. பிரதீபாவுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியின் பின்கட்டில் சோதனை ஓட்டத்தில் நூறு தடவை கேட்ட சத்தம்.

ஃபேன்.

மனிதக் குரல் ஏதும் இல்லை. ஜோபியின் குரலும் இல்லை. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போனை அணைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்காமல் இருந்துவிடலாம் அல்லவா?

படியில் காலடி. ஒன்று. மெதுவாக. கனமாக.

ரிசீவரை யாரோ எடுத்தார்கள். மூச்சு வாங்குவது கேட்டது.

"ஸ்ரீஜா? ஏ புள்ள, என்னட்டி ஆச்சு?"

பிரதீபா விசும்பினாள்.

"ஏய், பேசேன்! அர்ஜென்டுன்னான் அவன். ஒடம்பு சொகமில்லையா? என்னத்துக்கு அழுவுற?"

"நான்… நான் ஸ்ரீஜா இல்லீங்க."

"பெறவு ஆரு?"

"பிரதீபாங்க. கஞ்சிக்கோட்டுல இருந்து."

"எனக்குக் கஞ்சிக்கோட்டுல ஒருத்தரையும் தெரியாதே. எம்மக எங்க? ஏ ஜோபி, என்னல இது வெளையாட்டு? பாதி வேலைல ஆளை எறக்கி…"

"அக்கா!" ஜோபியின் குரல் மேலேயிருந்து உடைந்து வந்தது. "அக்கா, ஃபேன்! ஃபேன் ஓடுது!"

"ஓடுதா? எம்மக நெனப்புல காதே கேக்கலியே. டிரிப்புன்னுல்லா சொன்னானுவ. எவம்ல போட்டது? என் தொடப்பம் உள்ளல்லா கெடக்கு!"

ஏதோ ஒன்று படபடவென்று முறிந்து சிதறும் சத்தம் அந்த ஊளையின் நடுவே கேட்டது. ஈர்க்குகள். பிறகு கட்டை.

யாரோ கீழே கதவை இடிக்கிற சத்தம், கத்தல், ஓட்டம். ஊளை மெல்ல இறங்கியது. நின்றது.

"நீதான் பொய் சொன்னவளா?" குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"ஆமாங்க. மன்னிச்சுக்குங்க. வேற வழி தெரியல."

"நீ அந்த இஞ்சினியர் பய கம்பெனியா?"

"ஆமாங்க."

"நல்லாருக்குட்டி உங்க கத. உசிர எடுக்க வந்ததும் நீங்க, எறக்கி விட்டதும் நீங்க. கும்பிடவா, வையவா?" மூச்சு வாங்கினாள். "வையத்தான் தோணுது. எம்மக பேரச் சொல்லவும் என்ன பாடு பட்டு எறங்கி வந்தேன் தெரியுமா? அவ பேசி எம்புட்டு நாளாச்சு. அதான் நெஞ்சு அடிச்சுக்கிட்டு வந்தேன். ரிசீவர எடுத்தா நீ."

பிரதீபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜோபி நம்பரு தருவான். நீ அவளக் கூப்புட்டு எனக்குப் பேசச் சொல்லு. சொன்ன பொய்ய நெசமாக்கிட்டுப் போ. பெறவு உன்ன மன்னிக்கேன்."

ரிசீவர் வைக்கப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் சந்துரு மதகிலிருந்து அழைத்தான். பாதி வார்த்தை அவனுக்கு வெளியே வரவில்லை. "டோர்னு போட்டிருந்துச்சுக்கா. நான் சாத்துனேன். சாத்துனேன்தானக்கா?"

"நீ சாத்துனே சந்துரு. உன் மேல தப்பில்ல. இனி எதையும் தொடாதே. மேனுவலைக் கிழிச்சுப் போடு."

நாராயண் சார் வீடியோ காலை எப்போது மூடினார் என்று தெரியவில்லை. அவர் ஃபைலையும் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சாய்ஞ்ச கோடு," என்றார். "நடுவுல கறை மாதிரி நின்னுது. எதுக்குன்னு நான் யாரையும் கேக்கலை."

"எல்லா அட்டவணையிலயும் எடுத்துட்டீங்க சார்."

அவர் தலை நிமிர்ந்தது.

"பீர்மேடு ஃபேக்டரிக்கும் இதே போர்டு போயிருக்குதுங்க. இதே மேனுவலோட."

இந்தத் தடவை அவர் வாதாடவில்லை. போனை எடுத்தார்.

பிரதீபா தன் இடத்துக்கு ஓடினாள். அந்த வரியில் காவலைத் திரும்ப நிறுத்தினாள். அனுப்பினாள். மூச்சு விடுவதற்குள் ஸ்கிரிப்ட், அதாவது அனுப்புவதைச் சரிபார்க்கும் குட்டிப் புரோகிராம், அதைத் திருப்பி அடித்தது. திரையில் சிவப்பு எழுத்து: 'வரியின் நீளம் வரம்பை மீறுகிறது. ஓர் எழுத்து அதிகம்.'

ஓர் எழுத்து. அந்தச் சாய்ந்த கோடு.

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனாள். பீர்மேட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நாராயண் சார் போனைக் காதில் வைத்தபடியே எட்டிப் பார்த்தார்.

"இதென்ன அக்கிரமம்? ஓர் எழுத்துக்காகத் திருப்பி அனுப்பறதா? எந்த மடையன் போட்ட விதி இது?"

"நீங்க போட்டதுதானுங்க. வரியெல்லாம் ஒரே அளவுல நிக்கோணும்னு."

வாசலில் நிகில் இருமினான்.

நாராயண் சார் அவனைப் பார்க்கவில்லை. லேப்டாப்பை இழுத்தார். விதியை நீக்கினார். அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தினார். ஒரு பெட்டி திறந்தது: 'மாற்றத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கவும்.' மேனுவல் ஃபைல்களுக்கு அந்தப் பெட்டியில் ஒரே ஒரு வகைதான் இருந்தது. அதையும் அவர்தான் ஒரு காலத்தில் அமைத்திருந்தார்.

அலங்காரம்.

அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காது மடல் சிவந்தது. பிரதீபா உதவிக்கு வரவில்லை. வர அவளுக்கு மனசில்லை.

அழுத்தினார். 'நன்றி. இந்த மாற்றம் அடுத்த ரிலீசில் சேர்க்கப்படும்' என்றது திரை.

"ஹலோ?" பீர்மேடு எடுத்துவிட்டது. "ஹலோ, ஆரு?"

"படிங்க சார்," என்றாள் பிரதீபா. "ஒவ்வொரு அட்டவணையிலயும் கடைசிக் கட்டம். மூலத்துல இருந்து படிங்க. அங்கதான இருக்குது."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நமஸ்காரம். கஞ்சிக்கோட்லேர்ந்து நாராயண் பேசறேன். உங்க கையில இருக்கற மேனுவலை நம்பப்படாது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோங்கோ. முதல் வரி. பிழை நீங்கியதும் ஃபேன்… ஆமா, தானாச் சுத்தும். தானாக்கும். இல்லை, யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம்…"

அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜோபி அனுப்பிய எண்ணை அழுத்தினாள். பிஸி. மறுபடி அழுத்தினாள். மறுபடி பிஸி. மூன்றாவது தடவை எடுத்தார்கள். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"ஆரு?"

"ஸ்ரீஜாங்களா? நான் பிரதீபா. உங்களுக்கு என்னைத் தெரியாதுங்க. அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. ஃபேக்டரி ஆபீஸ் நம்பருக்கு."

"அம்மாவுக்கு என்ன?" குரல் உடனே ஏறியது. "என்ன ஆச்சு அம்மாவுக்கு?"

விளக்க ஆரம்பித்தால் செங்குத்துக் கோட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"ஒண்ணும் ஆகலீங்க," என்றாள். "உங்களைக் கேட்டாங்க. அவ்வளவுதான்."

லைன் அப்படியே துண்டிக்கப்பட்டது. நன்றி இல்லை, வணக்கம் இல்லை. அம்மாவுக்குத்தான் அடிக்கிறாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாராயண் சார் இரண்டாவது வரியில் இருந்தார். பீர்மேட்டில் எடுத்தவருக்குக் காது மந்தம் போல, கத்திக் கத்திப் படித்துக்கொண்டிருந்தார். பிரதீபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரிலீசு வரை காத்திருக்கச் சொன்ன பெட்டியை மூடினாள். அந்தப் பெட்டியை உருவாக்கும் ஸ்கிரிப்டைத் திறந்தாள்.

அதிலும் வகைக்கு அந்த ஒரே வார்த்தைதான் இருந்தது: அலங்காரம். அதை அழித்துவிட்டு, 'உயிர்' என்று அடித்தாள். யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு அடுத்த அட்டவணைக்குப் போனாள். அதிலும் கடைசிக் கட்டத்தைக் காணோம்.